ஆதியாகமம் முதல் அதிகாரமும் பூமியின் வயதும்: வேதபாட வகுப்பில் எதை, எப்படிச் சொல்வது?

தொடக்கவாசகி

வாலிபர் வேதபாடத்துக்கு ஆதியாகமம் 1 முதல் 11 வரை எடுக்கிறோம். பிள்ளைகளில் பாதிப் பேர் அறிவியல் படிக்கிறவர்கள். மூன்று கேள்விகள் நிச்சயம் வரும். 6,000 ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பாறைக்கு வயது சொல்லும் முறைகளை எந்த அளவுக்கு நம்பலாம்? அப்படியானால் ஆதாம் யார்?

"விசுவாசம் வேறு, அறிவியல் வேறு" என்று சொல்லிக் கடந்துபோக விருப்பமில்லை. பிள்ளைகள் அதோடு விடமாட்டார்கள். கணக்கு, முறை, எங்கே தவறு நேரும் என்பது வரை தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாற்றுக் கருத்துள்ளவர்களும் எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி

முதல் கேள்விக்கு நான் பதில் தருகிறேன். கி.மு. 4004 என்பது அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல் வெளியிட்ட கணக்கு. அவர் நடந்த வழியிலேயே வகுப்பிலும் நடக்கலாம், கரும்பலகையில் பத்து நிமிட வேலை.

ஆதியாகமம் 5-ல் ஒவ்வொருவரும் மகனைப் பெற்றபோது இருந்த வயதைக் கூட்டுங்கள். ஆதாம் 130, சேத் 105, ஏனோஸ் 90, கேனான் 70, மகலாலெயேல் 65, யாரேத் 162, ஏனோக்கு 65, மெத்தூசலா 187, லாமேக்கு 182, ஜலப்பிரளயம் வந்தபோது நோவாவுக்கு 600. மொத்தம் 1,656.

அடுத்து 11-ம் அதிகாரம். தேராகுக்கு 70 வயதில் ஆபிராம் பிறந்தார் என்று எடுத்தால் பிரளயத்திலிருந்து அதுவரை 292 ஆண்டு. அஷர் அப்போஸ்தலர் 7:4-ஐக் கணக்கில் சேர்த்து, தேராகு 205 வயதில் இறந்த பிறகுதான் 75 வயது ஆபிராம் ஆரானை விட்டார், ஆகவே ஆபிராம் பிறந்தபோது தேராகுக்கு 130 என்று கொண்டார். அதில் 60 ஆண்டு கூடுகிறது. ஆக ஆபிராமின் பிறப்பு படைப்பிலிருந்து 2008-ம் ஆண்டு. அங்கிருந்து கலாத்தியர் 3:17-ன் 430, 1 இராஜாக்கள் 6:1-ன் 480, பிறகு ராஜாக்களின் ஆட்சிக்காலங்கள்.

இவ்வளவும் கூட்டினாலும் கி.மு. எந்த ஆண்டு என்பது கிடைக்காது. வேதாகமத்துக்கு வெளியே ஒரு நிலையான தேதி வேண்டும். அஷர் பிடித்தது நேபுகாத்நேச்சாரின் மரணம், கி.மு. 562. 2 இராஜாக்கள் 25:27-ல் யோயாக்கீன் சிறைப்பட்ட 37-ம் வருஷம் அதோடு பொருந்துகிறது. ஆகவே 4004 "வேதாகமம் மட்டுமே தந்த தேதி" அல்ல, பாபிலோனியக் காலக்கணக்கும் அதற்குள் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

மூலப்பிரதிகளும் ஒரே எண்ணைத் தரவில்லை. நம் தமிழ் வேதாகமம் பின்பற்றும் மசோரெத்திய எபிரெயப் பாடத்தில் பிரளயம் வரை 1,656. சமாரியப் பாடத்தில் 1,307. செப்துவஜிந்து என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் பெரும்பாலானவர்களுக்கு நூறு ஆண்டு கூடுதலாக இருப்பதால் 2,242 அல்லது 2,262, பிரதியைப் பொறுத்து. 2,242 வரும் பிரதியில் மெத்தூசலா பேழைக்குள் இல்லாமலேயே பிரளயத்துக்குப் பின் 14 ஆண்டு உயிரோடிருப்பார். திருச்சபைப் பிதா அகுஸ்தீன் இந்தச் சிக்கலை எடுத்து விவாதித்திருக்கிறார். கிழக்குத் திருச்சபை கிரேக்கப் பாடத்தின் வழியில் கி.மு. 5509-ஐயும், யூத மரபு கி.மு. 3761-ஐயும் படைப்பின் ஆண்டாகக் கொண்டன.

பழையபாதை

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து சிலர் தாவும் முடிவு சரியல்ல. "வம்சவரலாற்றில் பெயர்கள் விடுபட்டிருக்கின்றன, ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகள் நுழையலாம்" என்பார்கள். மத்தேயு 1:8-ல் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரும் இல்லை, லூக்கா 3:36-ல் ஒரு காயினான் கூடுதலாக வருகிறார். அதெல்லாம் உண்மை. ஆனால் மத்தேயுவில் வயது எண்கள் இல்லை, ஆதியாகமம் 5-ல் இருக்கின்றன. எவ்வளவு தாராளமாக இடைவெளி விட்டாலும் சில பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் நீட்ட முடியாது. அறிவியல் பூமிக்குச் சொல்லும் 454 கோடி எங்கே, இது எங்கே.

கதிரியக்க முறைகள் மூன்று அனுமானங்களின்மேல் நிற்கின்றன: தொடக்கத்தில் சேய் தனிமம் (சிதைவால் உருவாகும் தனிமம்) எவ்வளவு இருந்தது என்பது தெரியும், இடையில் எதுவும் உள்ளே வரவோ வெளியே போகவோ இல்லை, சிதைவு வேகம் மாறவில்லை. மூன்றையும் யாரும் நின்று பார்த்ததில்லை. செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1986-ல் உறைந்த பாறைக்குப் பொட்டாசியம்-ஆர்கான் முறை 3.5 லட்சம் ஆண்டு என்றது. கோடிக்கணக்கான ஆண்டுப் பழசு என்று சொல்லப்படும் வைரத்திலும் நிலக்கரியிலும் கார்பன்-14 கிடைக்கிறது. இவற்றுக்குப் பதில் வேண்டும்.

சிர்க்கான்

சகோ. பழையபாதை, வம்சவரலாறு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1890-ல் வில்லியம் ஹென்றி கிரீன் அந்த இடைவெளி வாதத்தை வைத்தார், அது மனிதனின் பழமையைச் சற்று நீட்டத்தான் உதவியது. பூமியின் வயதுக்கு அதை இழுப்பது தவறு.

மூன்று அனுமானங்களில் முதல் இரண்டும் இன்று அனுமானங்களே அல்ல, அளந்து சோதிக்கப்படுகிறவை.

தொடக்க அளவு: ருபீடியம்-ஸ்ட்ரான்சியம் முறையை எடுங்கள். ருபீடியம்-87 ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது, அரை ஆயுள் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 5,000 கோடி ஆண்டு. ஒரே பாறையிலிருந்து ஐந்தாறு கனிமங்களைப் பிரித்து, கிடை அச்சில் ருபீடியம்-87/ஸ்ட்ரான்சியம்-86, செங்குத்து அச்சில் ஸ்ட்ரான்சியம்-87/ஸ்ட்ரான்சியம்-86 என்று புள்ளி வையுங்கள். பாறை உறைந்த அன்று எல்லாக் கனிமத்திலும் ஸ்ட்ரான்சியம் விகிதம் ஒன்றே, ஆகவே புள்ளிகள் கிடைக்கோட்டில் இருந்திருக்கும். காலம் போகப் போக ருபீடியம் அதிகமுள்ள கனிமம் வேகமாக மேலே ஏறும், கோடு சாயும். சாய்வு வயதைத் தரும். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் தொடக்க அளவைத் தரும். அதாவது தொடக்க அளவு இந்த முறையில் விடையாகக் கிடைக்கிறது. பழைய விண்கற்களில் அது 0.699, சாய்வு சுமார் 0.065.

இடையில் பாறை சூடாகி ஏதாவது கசிந்திருந்தால் புள்ளிகள் கோட்டில் நிற்காமல் சிதறும். அந்தச் சிதறலே எச்சரிக்கை. இரண்டு வெவ்வேறு குழம்புகள் கலந்தாலும் பொய்யான நேர்கோடு வரலாம். அதைப் பிடிக்க, ஸ்ட்ரான்சியம் விகிதத்தை 1/ஸ்ட்ரான்சியம் அளவுக்கு எதிராக வரைவார்கள். அதிலும் நேர்கோடு வந்தால் கலப்பென்று சந்தேகித்து அந்த வயதை ஒதுக்குவார்கள்.

யுரேனியம்-ஈயம் இன்னும் வலுவானது. சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகம் வளரும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தைத் தள்ளும். அதற்குள் ஒரே நேரத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன: யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது (அரை ஆயுள் 447 கோடி), யுரேனியம்-235 ஈயம்-207 ஆகிறது (70.4 கோடி). ஈயம் கசிந்தால் இரண்டு வயதும் ஒத்துப்போகாது. கசிந்த ஓரங்களை நீக்க, படிகத்தை 800 முதல் 1,000 டிகிரியில் இரண்டு நாள்போல வைத்துப் பதப்படுத்தி, பிறகு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் சேதமான பகுதியை மட்டும் கரைத்துவிட்டு மிச்சத்தை அளக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜேக் ஹில்ஸ் சிர்க்கான்களில் மிகப் பழையது சுமார் 440 கோடி ஆண்டு என்று தெரிந்ததும் யுரேனியம்-ஈயம் முறையில்தான். பூமியின் மொத்த வயதை 1956-ல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈய விகிதங்களிலிருந்து 455 கோடி, கூடக்குறைய 7 கோடி என்று கண்டார். எழுபது ஆண்டு ஆகப்போகிறது, அந்த எண் நகரவில்லை.

செயின்ட் ஹெலன்ஸ்: ஆர்கான் வாயு. குழம்பு முழுவதும் உருகியிருந்தால் அது தப்பிவிடும். ஆனால் அந்த டேசைட் பாறையில் வெடிப்புக்கு வெகுமுன்பே ஆழத்தில் வளர்ந்த படிகங்கள் கலந்திருக்கின்றன, அவை பழைய ஆர்கானை உள்ளே வைத்திருக்கின்றன. பொட்டாசியம்-40-ன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. பத்தாண்டில் உருவாகும் ஆர்கான் கருவிக்கே தெரியாது, ஆகவே அளந்தது முழுக்க இந்தப் பழைய மிச்சமும் காற்றின் ஆர்கானும்தான். இளம் பாறைக்கு இந்த முறை பொருந்தாது என்பது உண்மை. ஆனால் இதே பிழையை 10 கோடி ஆண்டுப் பாறையில் வைத்துப் பாருங்கள்: 3.5 லட்சம் என்பது 0.35 சதவீதம்.

இந்தக் குறையைக் களையத்தான் ஆர்கான்-ஆர்கான் முறை வந்தது. மாதிரியை அணு உலையில் நியூட்ரான் பாய்ச்சி, பிறகு படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் வரும் வாயுவைத் தனித்தனியாக அளப்பார்கள். மிச்ச ஆர்கான் இருந்தால் சில படிகளில் வயது எகிறிக் காட்டிக்கொடுத்துவிடும். கி.பி. 79-ல் வெடித்த வெசுவியஸின் படிகங்களுக்கு இம்முறையில் 1997-ல் கிடைத்தது 1,925 ஆண்டு, கூடக்குறைய 94. எழுத்தில் பதிவான தேதியோடு ஏழாண்டுதான் வித்தியாசம்.

கார்பன்-14: அரை ஆயுள் 5,730 ஆண்டு. பத்து அரை ஆயுளில் 1,024-ல் ஒரு பங்கு மிஞ்சும். இப்போது ஆய்வகத்தை நினையுங்கள். மாதிரியை எரித்துக் கரியமில வாயுவாக்கி, இரும்புத் தூளின்மேல் கிராஃபைட்டாக ஒடுக்கி, சிறு கிண்ணத்தில் அழுத்தி, கார்பன்-14 அணுக்களை எண்ணும் முடுக்கிக் கருவியில் வைக்கிறார்கள். மாதிரி 1 மில்லிகிராம். இத்தனை படிகளில் 1 மைக்ரோகிராம் இக்காலக் கார்பன் ஒட்டினால் அதுவே ஆயிரத்தில் ஒரு பங்கு. கார்பன்-14 துளியும் இல்லாத பொருளும் "55,000 ஆண்டு" என்று காட்டும். வைரத்தை எரிக்காமல் நேரடியாக முடுக்கியில் வைத்தபோது வயது 60,000-ஐத் தாண்டிப் போனது. கார்பன்-14 உண்மையிலேயே வைரத்துக்குள் இருந்தால், தயாரிப்புப் படிகளைக் குறைத்ததும் அது ஏன் குறைய வேண்டும்?

பழையபாதை

விளக்கத்துக்கு நன்றி. மூன்றாவது அனுமானம் இன்னும் நிற்கிறது. சிதைவு வேகம் முன்பு மாறியிருக்கலாம். 1997 முதல் 2005 வரை படைப்பாய்வு நிறுவனத்தார் நடத்திய 'ரேட்' ஆய்வுத்திட்டம் இதைத்தான் சொல்கிறது: இன்றைய வேகத்தில் 50 கோடி ஆண்டுக்கான சிதைவு பாறைகளில் நடந்திருப்பது மெய், ஆனால் அது குறுகிய காலத்தில், பெரும்பகுதி ஜலப்பிரளய ஆண்டில், விரைவாக நடந்தது. கதிரியக்கம் நடந்ததையே மறுக்கிறவர்கள் அல்ல நாங்கள்.

சிர்க்கான்

அந்த ஒப்புதல் முக்கியமானது, எல்லாரும் அதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் தாங்களாகவே எழுதினார்கள்: வெப்பச் சிக்கல் தீரவில்லை என்று. ஏன் தீரவில்லை என்பதை வகுப்பிலேயே கணக்கிடலாம்.

ஒரு கிலோ கிரானைட்டில் கதிரியக்கத்தால் விநாடிக்குச் சுமார் 10⁻⁹ ஜூல் வெப்பம் பிறக்கிறது. 50 கோடி ஆண்டு என்பது 1.6 × 10¹⁶ விநாடி. பெருக்கினால் கிலோவுக்கு 1.6 கோடி ஜூல். ஒரு கிலோ பாறையை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,000 ஜூல். ஆக, வெப்பம் ஓராண்டுக்குள் வெளியேற வழியில்லை என்றால் 16,000 டிகிரி. கிரானைட் 1,000 டிகிரிக்குள் உருகத் தொடங்கிவிடும். சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். கண்டங்கள் உருகுவதோடு நிற்காது, ஆவியாகும். பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால், நூறு மீட்டர் ஆழத்து வெப்பம் மேலே வரவே நூற்றாண்டுகள் பிடிக்கும்.

பேழைக்குள்ளும் சிக்கல் உண்டு. நம் உடலிலுள்ள பொட்டாசியம்-40 ஆண்டுக்குச் சுமார் 0.17 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைத் தருகிறது. 50 கோடி ஆண்டுக்கானது ஓராண்டில் என்றால் 85,000 சீவர்ட். 5 சீவர்ட் ஒரேயடியாகப் பட்டால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. "பொட்டாசியம்-40-ல் நடக்கும் பீட்டாச் சிதைவு அவ்வளவு விரைவுபடவில்லை" என்று ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 85 சீவர்ட்.

பழையபாதை

தேவன் அந்த வெப்பத்தை நீக்கியிருக்கலாமே. பிரளயமே அற்புதம்தான்.

சிர்க்கான்

நீக்கியிருக்கலாம். அதை விசுவாச அறிக்கையாகச் சொன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் அப்போது "பாறைகள் இளம் பூமியைக் காட்டுகின்றன" என்ற வாசகத்தை விட்டுவிட வேண்டும். பாறைகள் காட்டுவது நீண்ட காலத்தை, அந்தச் சாட்சியை ஓர் அற்புதம் மறைத்தது என்பதுதான் மிஞ்சும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும்.

வான்நோக்கி

சிதைவு வேகம் பற்றி வானத்திலிருந்தும் சாட்சி இருக்கிறது. 1987 பிப்ரவரியில் தெரிந்த சூப்பர்நோவா 1987ஏ. வெடித்த விண்மீனைச் சுற்றி முன்பே ஒரு வாயு வளையம் இருந்தது. வெடிப்பின் ஒளி பட்டு அது ஒளிர்ந்தது. வளையம் நமக்குச் சாய்ந்திருப்பதால் அருகுப் பக்கம் சுமார் 80 நாளிலும், தொலைவுப் பக்கம் சுமார் 400 நாளிலும் தெரிந்தது. சராசரி 240 நாள், அதாவது வளையத்தின் ஆரம் 0.66 ஒளியாண்டு. தொலைநோக்கியில் அந்த ஆரம் தெரியும் கோணம் 0.81 வில்விநாடி. ஒரு ரேடியனில் 206,265 வில்விநாடி. ஆகவே தொலைவு = 0.66 × 206,265 ÷ 0.81, சுமார் 1,68,000 ஒளியாண்டு. வெறும் முக்கோணவியல், வேறெந்த அண்டவியல் கோட்பாடும் இதில் நுழையவில்லை.

வெடிப்புக்குப் பின் சில மாதம் கழித்து அதன் ஒளி 77 நாளுக்கு ஒருமுறை பாதியானது. நம் ஆய்வகத்தில் கோபால்ட்-56-ன் அரை ஆயுள் 77 நாள். அதே தனிமத்தின் காமாக் கதிர்களும் அங்கிருந்து வந்தன. 1,68,000 ஆண்டுக்கு முன்பு நடந்த சிதைவு இன்றைய வேகத்திலேயே நடந்திருக்கிறது.

காபோன் நாட்டின் ஓக்லோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏறத்தாழ 200 கோடி ஆண்டுக்கு முன் இயற்கையாகவே அணுப்பிளவு நடந்த யுரேனியப் படிவம் 1972-ல் தெரியவந்தது. அங்கு மிஞ்சிய சமாரியம்-149 அளவு, அணுக்கருவை ஆளும் விசைகள் இம்மியும் மாறவில்லை என்று காட்டுகிறது.

பழையபாதை

ஒளியை வழியிலேயே, வந்துகொண்டிருக்கும் நிலையில் தேவன் படைத்திருக்கலாம். ஆதாம் வளர்ந்த மனிதனாகப் படைக்கப்படவில்லையா? இன்னொன்று, திருச்சபைப் பிதாக்களில் பெரும்பாலோர் 6,000 ஆண்டுக்குள் என்றே நம்பினார்கள். அகுஸ்தீனும் அப்படித்தான் எழுதினார். அவரை இந்தப் பக்கம் இழுக்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

மரபுவழி

இரண்டும் நல்ல கேள்விகள்.

வழியில் படைக்கப்பட்ட ஒளி: இதன் மூல வடிவத்தை 1857-ல் பிலிப் கோஸ் எழுதினார். வளர்ந்த உடலோடு ஆதாமைப் படைப்பது ஒன்று, ஆதாமின் முழங்காலில் சிறுவயதில் விழுந்த தழும்பைப் படைப்பது வேறொன்று. சூப்பர்நோவாவின் ஒளி வெறும் வெளிச்சமல்ல. ஒரு விண்மீன் வெடித்தது, வளையம் ஒளிர்ந்தது, கோபால்ட் சிதைந்தது என்ற நிகழ்ச்சிகளின் பதிவு அது. பிரபஞ்சத்துக்கு 6,000 வயது என்றால் அந்த விண்மீன் வெடிக்கவே இல்லை. நடக்காததற்குத் தேவன் சாட்சியங்களை உண்டாக்கினார் என்று ஆகும். சங்கீதம் 19 வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகின்றன என்கிறது. இந்த விளக்கத்தை நான் தள்ளுவது அறிவியலுக்காக அல்ல, தேவனுடைய உண்மைத்தன்மைக்காக.

பிதாக்கள்: ஆம், பெரும்பாலோர் குறுகிய காலத்தையே நம்பினார்கள். அதை மறைக்கக் கூடாது. அவர்கள் கையில் வேறு அளவீடு இருக்கவில்லை. ஆனால் ஆறு நாட்களை அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பது தனிக் கேள்வி. நான்காம் நாளில்தான் சூரியன் என்றால் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டுவிட்டார். அகுஸ்தீன் எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, ஆறு நாள் என்பது சொல்லும் ஒழுங்கு என்றார். பாசில் நேரடிப் பொருளையே பிடித்தார். டார்வினுக்கு 1,400 ஆண்டுக்கு முன்பே இந்த விவாதம் இருந்தது. கிறிஸ்தவன் வானத்தையும் பூமியையும் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் பேசினால், தெரிந்த அவிசுவாசி உயிர்த்தெழுதலை எப்படி நம்புவான் என்று அகுஸ்தீன் எச்சரித்ததையும் வகுப்பில் வாசியுங்கள்.

இனி, எதிர்ப்பக்கத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நாள் என்றால் யுகம்" என்று ஆறு நாளையும் புவியியல் யுகங்களோடு பொருத்திக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பொருந்தாது. கனிதரும் மரங்கள் மூன்றாம் நாள், நீர்வாழ்வன ஐந்தாம் நாள். புதைபடிவங்களில் மீன்கள் 50 கோடி ஆண்டளவு பழையவை, பூக்கும் தாவரங்கள் சுமார் 13 கோடி. பறவைகள் ஐந்தாம் நாள், தரைவிலங்குகள் ஆறாம் நாள். புதைபடிவங்களில் ஊர்வனவற்றுக்குப் பின்தான் பறவைகள். ஒரு நாளை இழுத்துச் சரிசெய்தால் இன்னொன்று பிடுங்கிக்கொள்ளும். 1814-ல் தாமஸ் சால்மர்ஸ் முதல் இரண்டு வசனங்களுக்கு நடுவே வைத்த இடைவெளிக் கோட்பாடும் உதவாது. பழைய உலகம் முழுதும் அழிந்து புதிதாகத் தொடங்கியதற்கான முறிவு பாறை அடுக்குகளில் இல்லை.

அதிகாரத்தின் அமைப்பைப் பாருங்கள். முதல் மூன்று நாளில் இடங்கள்: ஒளியும் இருளும், நீரும் ஆகாயவிரிவும், நிலம். அடுத்த மூன்று நாளில் அவற்றை ஆள்கிறவையும் நிறைப்பவையும்: சுடர்கள், மீனும் பறவையும், விலங்கும் மனிதனும். ஏழாம் நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் சொல்லப்படவே இல்லை. யாத்திராகமம் 20:11-ஐ எதிர்வாதமாக வைப்பார்கள், நியாயமான எதிர்வாதம். அதே ஓய்வுநாள் கட்டளைக்கு உபாகமம் 5:15 எகிப்திலிருந்து மீட்பைக் காரணமாகச் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை 2000-ல் வெளியிட்ட அறிக்கை சாதாரண நாள், யுக நாள், கட்டமைப்பு (மேலே சொன்ன அமைப்பு), ஒப்புமை நாள் (நம் நாளுக்கு ஒப்பான தேவனுடைய நாள்) என நான்கு வாசிப்புகளையும் ஆராய்ந்தது. பழமைவாதத் திருச்சபையே அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறது.

புதுவரவு

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். பெருவெடிப்பு இருக்கிறதே, அதுவே ஆதியாகமம் 1:1-க்கு அறிவியல் நிரூபணம் இல்லையா? எங்கள் பிரசங்கங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மரபுவழி

அதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னவர் அந்தக் கோட்பாட்டின் தந்தையே. ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கக் குருவானவர். 1927-ல் விரியும் பிரபஞ்சத்தையும், 1931-ல் 'ஆதி அணு' என்ற கருத்தையும் வெளியிட்டார். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தம் உரையில் அந்த அறிவியலைப் படைப்பின் சாட்சியாகக் காட்டினார். லெமேத்ருக்கு அது கவலை தந்தது. 1952-ல் ரோமில் வானியலாளர் மாநாட்டுக்கு முன்பு வத்திக்கான் வானாய்வகத் தலைவரோடு சேர்ந்து தம் கவலையைத் தெரிவித்தார். அந்த மாநாட்டு உரையில் திருத்தந்தை அப்படி எதையும் சொல்லவில்லை.

காரணம் இறையியலில்தான் இருக்கிறது. படைப்பு ஒரு மாற்றம் அல்ல என்றார் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். ஒன்று இன்னொன்றாவது மாற்றம். ஒன்றுமில்லாமையிலிருந்து இருப்பைத் தருவது மாற்றத்தில் சேராது, ஏனென்றால் மாறுவதற்கு முன்னே எதுவும் இல்லை. ஆகவே பிரபஞ்சத்துக்குத் தொடக்க நாள் இல்லாவிட்டாலும் அது படைக்கப்பட்டதாகவே இருக்க முடியும் என்று அவர் வாதிட்டார். தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால் ஏற்றார், நிரூபிக்க முடியாது என்றார். படைப்புக் கோட்பாடு சொல்வது இந்தக் கணமும் எல்லாம் தேவனைச் சார்ந்தே இருக்கிறது என்பதை. எபிரெயர் 1:3 'தாங்குகிறவர்' என்பது அதைத்தான். 1,380 கோடி ஆண்டுக்கு முந்தைய சூடான, செறிந்த நிலையை அளக்கும் இயற்பியல் இந்தச் சார்பை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நாளை பெருவெடிப்புக்கு முந்தைய நிலை ஒன்றைக் கண்டுபிடித்தாலும் ஆதியாகமம் 1:1 அசையாது. நிரூபணம் என்று கட்டிவைத்தால் அன்றைக்கு அதுவும் சேர்ந்து விழும்.

மரபணுத்தடம்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆதாம் விஷயத்தில் எண்களும் கோட்பாடும் நேருக்கு நேர் உரசுகின்றன, பூசி மெழுகக் கூடாது.

எந்த இரு மனிதரின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டால் ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஒன்று மாறும். ஒரு தலைமுறையில் ஓர் எழுத்து மாறும் வாய்ப்பு சுமார் 1.2 × 10⁻⁸, அதாவது ஒரு குழந்தைக்கு அறுபது, எழுபது புதிய மாற்றங்கள். 6,000 ஆண்டு என்பது 240 தலைமுறை. இரு வழியிலும் சேர்த்து அதற்குள் சேரக்கூடிய வேறுபாடு 1,70,000 எழுத்துக்கு ஒன்று. ஆயிரத்துக்கு ஒன்று வர வேண்டுமானால் சராசரியாக 40,000 தலைமுறைக்கு மேல், சுமார் பத்து லட்சம் ஆண்டு வேண்டும். "ஆதாம் ஏவாளுக்குள்ளேயே வேறுபாடுகளை வைத்துப் படைத்தார்" என்பார்கள். இரண்டு பேரிடம் ஓர் இடத்துக்கு நான்கு வடிவங்கள்தான் இருக்க முடியும். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் சிலவற்றில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் உள்ளன. ஆகவே அண்மைக்காலத்தில் இருவரே இருந்தார்கள், வேறு யாரும் இல்லை என்பதை மரபணுக்கள் ஏற்பதில்லை.

ஆனால் மரபணு வேறு, வம்சாவளி வேறு. பின்னோக்கிப் போனால் முன்னோர் எண்ணிக்கை தலைமுறைக்கு இரட்டிப்பாகிறது. 20 தலைமுறையில் பத்து லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பேர் தனித்தனியாக இருந்திருக்க முடியாது, கிளைகள் பின்னிக்கொள்ளும். 2004-ல் நடந்த கணினி உருவகம், இன்றுள்ள எல்லாருக்கும் பொது முன்னோர் ஒருவர் சில ஆயிரம் ஆண்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்று காட்டியது. அவரிடமிருந்து ஒரு துண்டு டிஎன்ஏகூட நமக்கு வந்திருக்க வேண்டியதில்லை. ஆக, வெளியே பிற மனிதர் இருக்க, அவர்கள் நடுவில் வாழ்ந்த ஒரு ஆதாம் இன்று எல்லாருக்கும் முன்னோராக இருப்பதற்கு அறிவியலில் தடையில்லை. காயீன் தன்னைக் கண்டவர் கொல்வார்கள் என்று அஞ்சியதும், அவன் பட்டணம் கட்டியதும் இந்த வாசிப்பில் இயல்பாகப் பொருந்துகின்றன. இதற்கு விலையும் உண்டு: வெளியே இருந்த அந்த மனிதர் தேவசாயலா என்ற கேள்விக்கு இந்த வாசிப்பில் எளிய பதில் இல்லை. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பழையபாதை

என் உண்மையான தடை வயதைப் பற்றியதல்ல. ரோமர் 5:12, பாவத்தினாலே மரணம். கோடிக்கணக்கான ஆண்டு என்றால் ஆதாமுக்கு முன்பே புற்றுநோயும் கொலையும் நிறைந்த உலகம். "மிகவும் நன்றாயிருந்தது" எங்கே?

மரபுவழி

இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான், சகோ. ரோமர் 5:12 'எல்லா மனுஷருக்கும்' மரணம் வந்ததைப் பேசுகிறது, விலங்குகளைப் பற்றி அங்கே சொல்லவில்லை. மனிதன் பாவம் செய்ததால் விலங்கின் இயல்பு மாறி, புல் தின்றது மாமிசம் தின்ன ஆரம்பிக்கவில்லை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அக்குவினாஸ் எழுதினார், எந்தப் புதைபடிவமும் அவரை நெருக்கவில்லை. சங்கீதம் 104:21-ல் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சிப்பது தேவனைத் துதிக்கும் பாட்டின் நடுவே வருகிறது. இவை வேதவாசிப்பின் சிக்கலைத் தீர்க்கும். விலங்குகளின் நீண்ட வேதனை ஏன் என்ற கேள்வியை இவை தீர்க்கா. அது யோபுவின் 38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களில் நிற்கிற கேள்வி, வகுப்பிலும் அங்கேயே நிறுத்தி வாசிக்க வேண்டும்.

தொடக்கவாசகி

எல்லாருக்கும் நன்றி. பழையபாதை அண்ணன், உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குகிறேன். பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்க, கதிரியக்கமே இல்லாத ஒரு கணக்கு யாராவது தர முடியுமா? "எல்லாம் அந்த ஒரே முறைதான்" என்ற பேச்சு வரும்.

வான்நோக்கி

பவளம். டெவோனியன் காலப் பவளப் படிவங்களில் ஆண்டு வரிகளுக்கு நடுவே நாள் வரிகளை 1963-ல் ஜான் வெல்ஸ் எண்ணினார். ஆண்டுக்குச் சுமார் 400 வந்தது. ஓராண்டு 8,766 மணி நேரம், 400-ஆல் வகுத்தால் நாளுக்கு 21.9 மணி.

இனி வேறு வழியில் வாருங்கள். கடல் ஓதங்கள் பூமியின் சுழற்சியைத் தடுப்பதால் நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சுமார் 2.3 மில்லிவிநாடி கூடுகிறது. டெவோனியன் பாறைகளுக்குக் கதிரியக்கம் தரும் வயது ஏறத்தாழ 38 கோடி ஆண்டு, அதாவது 38 லட்சம் நூற்றாண்டு. பெருக்கினால் 8,740 விநாடி, 2.4 மணி. 24-லிருந்து கழித்தால் 21.6. ஓதத்தின் வலிமை கண்டங்களின் அமைப்பைப் பொறுத்துக் கூடிக் குறைந்திருக்கும், ஆகவே இதைவிட நெருக்கமாக எதிர்பார்க்க வேண்டாம். 6,000 ஆண்டு வைத்துச் செய்தால் நாள் 0.14 விநாடிதான் குறையும், பவளத்தில் 365 வரிதான் வந்திருக்க வேண்டும். இரண்டு கணக்கையும் அடுத்தடுத்துப் பலகையில் போட வையுங்கள். வரிகளை எண்ணுவதில் பவளத்துக்குப் பவளம் சில சதவீதம் மாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாராவது 385 என்றோ 410 என்றோ ஒரு எண்ணைத் தேடியெடுத்து வந்தால் குழப்பம் வராது.